அமத்து என்று சொன்னேன்

சாயங்காலம் ஐந்து மணி நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஆறு மணிக்குள் பூட்டுப் பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எடை குறைந்த குழந்தைகளைக் கதகதப்பில் வைக்கும் சூட்டு ரூமின் வாசலில் நின்றபடி, உள்ளே இருந்த ஆயா சவரியம்மாவிடம், “அடுப்ப அமத்திரு, நான் குழாயோட வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவள் “சரி சார்” என்றாள். அந்த இரண்டு பேச்சோடு எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் தெரிய வந்தது இரண்டே கால் மணி நேரம் கழித்துத்தான்.

அந்த அறையில் அப்போது ஒரே ஒரு குழந்தை இருந்தது. பிறந்து இரண்டு நாள். என் மகள்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு கார்டு. நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. சாணார்பட்டிப் பக்கம் புதிதாகத் திறக்கும் ஒரு பிரசவ விடுதியின் ஸ்டோர் கீப்பர், என்னை நேரில் பார்த்திராத இளைஞர், எழுதியிருந்தார். அங்கே இன்னும் மின்சாரம் வரவில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்கு இரவு முழுக்கக் கதகதப்பு வேண்டும். “தாங்கள் தேர்ந்தெடுத்த விறகு அடுப்பு ஒரு தடவை போட்டால் பதினோரு மணி நேரம் நின்று எரியுமாம். அந்த அடுப்பின் அளவையும் செய்தவர் விலாசத்தையும் தெரிவிக்கவும்” என்று கேட்டிருந்தார். நான்கு தடவை பதில் எழுதினேன். நான்கையும் கிழித்துப் போட்டேன். அளவை மட்டும் எழுதி அனுப்பினால் அது பாதிப் பதில். முழுப் பதிலும் கார்டில் அடங்காது. அதனால்தான் நம் ஊழியர் மலரில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு கட்டடத்துடையது அல்ல.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் திண்டுக்கல்லில் ஒரு மரவாடியில் இரண்டு வருடம் நின்றேன். பட்டையைப் பார்த்து மரத்தையும், வெட்டு வாயை மோந்து ஈரத்தையும் சொல்லும் அளவுக்குத் தேறினேன். பிறகு இந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோருக்கு வந்தேன். இருபது கட்டில். பஞ்சு, டெட்டால், ஆக்சிஜன் சிலிண்டர், படுக்கை விரிப்பு, விறகு, எல்லாம் என் பொறுப்பு. வந்து பல வருடம் விறகைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்னம்மா மேட்ரன் வந்த பிறகுதான் யோசித்தேன்.

மேட்ரன் கோட்டயம் பக்கத்துக்காரர். உயரமானவர், நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும் அங்கேயே நிற்பார். “நான் பறஞ்சது என்ன? திரும்பச் சொல்லு.” நாம் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் முதலிலிருந்து சொல்லுவார். கோபப்பட மாட்டார். அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கோபப்பட்டால் பின்னால் பேசிச் சிரிக்கலாம். வராந்தாவில் ஆயாக்கள் ஒருத்தியை ஒருத்தி, “ஏண்டி, நான் வெத்தலை கேட்டேனே, திரும்பச் சொல்லு பாப்போம்” என்று கேலி செய்துகொள்வார்கள்.

அவர் வந்த புதிதில் சூட்டு ரூமில் ஒரு மண் அடுப்பு இருந்தது. ஒரு நாள் காலையில் சவரியம்மாவிடம், “அந்த அடுப்பு கெடுத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊர்ப் பேச்சில் கெடுத்து என்றால் நெருப்பை நிறுத்து என்று பொருள். சவரியம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? மேட்ரன் திரும்பச் சொல்லச் சொன்னபோது, “கெடுத்துப் போடணும்” என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் காரணத்தோடுதான் சொல்வார்கள் என்று நினைத்து, கனன்றுகொண்டிருந்த மண் அடுப்பின் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அடுப்பு மூன்று துண்டாக வெடித்தது. மேட்ரன் வந்து பார்த்தார். சவரியம்மா வாளியோடு நின்று, “கெடுத்துட்டேன்மா, நல்லாக் கெட்டுப்போச்சு” என்றாளாம்.

அன்றைக்கு மேட்ரன் முதல் தடவையாகச் சிரித்ததை எல்லாரும் பார்த்தோம். சிரித்து முடித்ததும், நெருப்பை நிறுத்தச் சொல்ல இந்த ஊரில் என்ன வார்த்தை என்று எங்களிடம் கேட்டார். அணை என்று நான் சொன்னேன். ஆயாக்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். “பிள்ளை பெத்த வீட்டுல அந்த வார்த்தையச் சொல்லப்படாதும்மா” என்றாள் சவரியம்மா. விளக்கையோ அடுப்பையோ எங்கள் பக்கத்தில் யாரும் அணை என்று சொல்ல மாட்டார்கள். அமத்து என்போம். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும்போது அணை என்ற சொல் வாயில் வரவே கூடாது. மேட்ரன் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். “ஷெரி. அமத்து.” அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

உடைந்த அடுப்புக்குப் பதில் வேறு அடுப்பு தேட வேண்டியது என் வேலையானது.

மார்கழி, தை இரண்டு மாதமும் சிறுமலைப் பக்கமிருந்து இறங்கும் காற்று விடியற்காலையில் எலும்பில் குத்தும். நான்கு பவுண்டு, நாலரைப் பவுண்டுக் குழந்தைகளுக்கு அது ஆகாது. இரவுக்கு ஒரு ஆயாதான். அவள் வார்டுகளையும் பார்க்க வேண்டும், மணிக்கொரு தடவை விறகு தள்ளிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மாலையில் ஒரு தடவை போட்டால் காலை வரை நிற்க வேண்டும். மேட்ரன் போட்ட நிபந்தனைகள் மூன்று. கடைசித் தொட்டிலுக்கு மேலே தொங்கும் தெர்மாமீட்டர் விடிய விடிய எண்பது டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. புகைக்குழாய் இல்லாமல் அடுப்பு இல்லை. எவ்வளவு குளிரானாலும் ஒரு வென்டிலேட்டர் நான்கு விரல் அகலம் திறந்தே இருக்க வேண்டும்.

கணப்புச் சட்டியில் கரி போட்டு வைக்கலாமே என்றேன். எங்கள் வீட்டில் பிரசவத்துக்கு அதுதான் வைப்பார்கள். மேட்ரன் கையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. பிறகு மரத்தூள் அடுப்பைப் பார்த்தேன். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளை இடித்துக் கெட்டித்து, பாட்டிலை உருவினால் நடுவில் ஓட்டை விழும். அடியில் பற்ற வைத்தால் ஆறு மணி நேரம் அழகாக நின்றது. ஆனால் நடுவில் தூள் சரிந்தால் தீர்ந்தது, மேலே சேர்க்கவும் வழியில்லை. மூன்று இரவு பார்த்தேன், இரண்டு இரவு சரிந்தது.

கடைசியில் பூட்டுப் பட்டறை பெரியசாமி ஆசாரியிடம் போனேன். பூட்டோடு இரும்புப் பெட்டியும் செய்கிறவர். கனத்த தகட்டில் ஒரு பெட்டி, உள்ளே செங்கல் வரிசை, முன்னால் கதவு, மேலே குழாய்க்கு வாய் என்று வரைந்து காட்டினேன். செய்து கொடுத்தார். முதல் நாள் நெருப்பு ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டிச் செத்தது. கதவு அவ்வளவு கச்சிதம். போய்ச் சொன்னேன்.

“சார், நான் பெட்டி செய்யுறவன்” என்றார் ஆசாரி. “பெட்டின்னா உள்ள இருக்கறது வெளிய வரப்படாது, வெளிய இருக்கறது உள்ள போவப்படாது. அடுப்புக்கு எம்புட்டுப் போவணும்னு நீங்கதான் சொல்லணும்.”

கதவின் அடியில் காற்றுக்கு மூன்று துவாரம் போட்டு, அதன் மேல் இழுத்து மூடுகிற ஒரு தகடு வைத்தோம். அப்போதுதான் கவனித்தேன், கதவின் நடுவில் பழக்க தோஷத்தில் ஒரு சாவித் துவாரமும் வைத்திருந்தார். பூட்டு இல்லை, துவாரம் மட்டும். அடைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது நல்லதாகப் போயிற்று. விளக்கைக் குறைத்த பிறகு அந்தத் துவாரத்தில் சிவப்புத் தெரிந்தால் நெருப்பு உயிரோடு இருக்கிறது என்று ஆயா கதவருகிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எட்டு இரவு நானே உட்கார்ந்து பார்த்தேன். புளிய விறகு, கருவேலம், சவுக்கு, ஒவ்வொன்றையும் நிறுத்துப் போட்டு மணிக்கு மணி தெர்மாமீட்டரைக் குறித்தேன். சவுக்கு சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் தீரும். நன்றாகக் காய்ந்த, தொடை கனமுள்ள கருவேலக் கட்டைதான் கங்காக நிற்கும். ஆனால் கட்டை மட்டும் போதவில்லை. ஒன்பது மணிக்கு நெருப்பு முற்றிக் கங்கானதும், சாம்பலை வாரி அதன் மேல் போட்டு அழுத்தி, காற்றுத் தகட்டை நூல் அளவு மட்டும் விட்டு மூடினால், பதினோரு மணி நேரம். காலையில் சாம்பலைக் கிளறினால் கங்கு அப்படியே சிவந்து கிடக்கும். எனக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சமல்ல. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து பார்த்தார்கள்.

சாம்பலைப் போட்டு அழுத்தி மூடுகிற அந்த வேலைக்கு ஆயாக்கள் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அனலை அமத்தி வைக்கிறது. “அமத்திட்டியாடி?” “ஒம்போதுக்கே அமத்திட்டேன்.” தினமும் இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஆக, எங்களிடம் ஒரே வார்த்தைக்கு இரண்டு வேலை. நெருப்பை நிறுத்தினாலும் அமத்து. விடியும் வரை சாகாமல் காப்பாற்றினாலும் அமத்து. இது எனக்குத் தெரியும். மேட்ரனுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மார்கழியில் என் மனைவி ஆரோக்கியத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆனது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய குழந்தை. எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். நாலே கால் பவுண்டு. வெளுத்த, சோகையான முகம். பிறந்த ஐந்தாவது நிமிடம் அவளைத் தூக்கிக்கொண்டு சூட்டு ரூமுக்குப் போனார்கள். நான் செய்யச் சொன்ன அடுப்பின் சூட்டில் என் பிள்ளை கிடக்கிறாள் என்று அன்றைக்கு ஸ்டோருக்குள் தனியாக நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மேட்ரன் ஒரு வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் காலையில் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. இது நான் எதிர்பாராத ஒன்று. நெருப்பை அடக்கி அடக்கி எரிப்பதால் புகை குளிர்ந்து, குழாயின் உள்ளே தார் மாதிரிக் கசடு படிகிறது. இரண்டாவது குளிர்காலத்தில் வாயே குறுகிவிட்டது. குழாயைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். அடுப்பின் மேல்வாயைத் தகரத்தால் மூடி அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். காற்று உள்ளே வராதிருக்கச் சுவரிலிருந்த ஓட்டையில் சாக்கைத் திணித்தேன். இதையெல்லாம் செய்தது நானேதான். மாலை ஐந்து மணிக்குக் குழாய் வந்துவிடும் என்று ஆசாரியின் ஆள் சொல்லியிருந்தான். அதையும் சவரியம்மாவிடம் சொன்னது நான்தான்.

ஐந்து மணிக்கு அவள் வழக்கம்போலக் கட்டைகளைப் போட்டுப் பற்றவைத்துவிட்டாள். குழாய் வரவில்லை. ஐந்தரைக்கு மேல் அறைக்குள் புகை கசியத் தொடங்கியது. அவள் வென்டிலேட்டரை முழுக்கத் திறந்துவிட்டுக் குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வந்தேன். வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்தேன். அமத்திரு என்றேன். போய்விட்டேன்.

திரும்பச் சொல்லு என்று நான் கேட்கவில்லை.

அவள் அமத்தினாள். சாம்பலை வாரிப் போட்டு அழுத்தி, காற்றுத் தகட்டை இழுத்து மூடினாள். புகை நின்றது. நின்றதும், பிள்ளைக்குக் குளிருமே என்று வென்டிலேட்டரையும் கதவையும் சாத்தினாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பட்டறையில் குழாயைச் சுரண்டி முடிக்க ஏழரை ஆகிவிட்டது. ஆசாரியே குழாயைப் பிடித்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஏழு ஐம்பத்தைந்துக்கு நான் சூட்டு ரூமின் கதவைத் திறந்தேன்.

உள்ளே புகை இல்லை, வாடையும் இல்லை. இதமான சூடு. இரும்பு இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்தேன். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். குழந்தையின் உதடும் கன்னமும் நன்றாகச் சிவந்திருந்தன. இரண்டு நாளும் வெளுத்துக் கிடந்த பிள்ளை. நிறம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. என் மகள் செத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

சவரியம்மா தொட்டில் காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டேன். எழவில்லை. தோளைத் தொட்டேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். அப்போதுதான் என் தலைக்குள்ளும் ஏதோ இடிப்பது தெரிந்தது. திரும்பினேன். அமத்திவிட்டதாக நான் நினைத்த அடுப்பின் கதவில், சாவித் துவாரத்தில், சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.  வாசலிலிருந்து ஆசாரி குழாயைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

“சார், பிள்ளையத் தூக்குங்க.”

தூக்கினேன். துணி மூட்டை மாதிரி இருந்தாள். ஆசாரி சவரியம்மாவை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார். முற்றத்தில் நர்ஸ் கனகம் குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கி, மண்டி போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்கினார். ஊதுவதற்கு நடுவில் என்னைப் பார்த்து “ஆக்சிஜன்” என்றார். ஸ்டோர் சாவி என் இடுப்பில். ஓடினேன். இருபது வருடத்துக்கு மேல் தினமும் திறந்த பூட்டு. சாவி துவாரத்துக்குள் போகவில்லை.  பின்னாலேயே வந்த ஆசாரி என் கையிலிருந்து சாவியை வாங்கித் திறந்தார். சிலிண்டரை இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வந்தோம்.

எட்டேகாலுக்கு மேல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பூனைக்குட்டி முனகுவது போல. கனகம் நிமிரவில்லை, தொடர்ந்து ஊதினார். பிறகு அழுகை வந்தது.

டாக்டரம்மா குதிரை வண்டியில் வந்து சேர்ந்தபோது எட்டு ஐம்பது. இரண்டு பேரையும் பார்த்தார். சாம்பலுக்குள் மூச்சுத் திணறி எரியும் கங்கிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை என்று விளக்கினார். உதட்டுச் சிவப்பு அதன் அடையாளம். குழந்தை பிழைப்பாளா என்று கேட்டேன். “ராத்திரி தாண்டட்டும். மூளைக்கு ஒண்ணும் ஆகலேன்னு இப்ப நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

சாணார்பட்டி ஸ்டோர் கீப்பருக்கு என் பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். அடுப்பு நீண்ட நேரம் நிற்க வேண்டுமானால் கதவு கச்சிதமாக இருக்க வேண்டும், கட்டை கனமாக, காய்ந்ததாக இருக்க வேண்டும், காற்று குறைவாகப் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அடுப்பு ஆளைக் கொல்லவும் கொல்லும். அதனால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். குழாய் எந்த வழியாக வெளியே போகிறது, மாதத்துக்கு ஒரு தடவை அதை யார் கழற்றிச் சுரண்டுகிறார்கள், கழற்றிய அன்று அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரவு நடுவில் ஒரு தடவை கட்டை போட ஒரு ஆள் எழுந்து வருகிற மாதிரி, ஆறு மணி நேர அடுப்பாக வாங்குங்கள். அந்த ஆள் வந்து கதவைத் திறப்பதே ஒரு பாதுகாப்பு. பதினோரு மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாத அடுப்பை நான் தேடினேன். அதுதான் என் முதல் தவறு.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கில் ஒரு விடை யோசிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் அவள் நோட்டை வாங்கிப் பார்க்கிறேன். டாக்டரம்மாவின் அந்த வார்த்தை காதில் கேட்கும். அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். “இன்னும் எத்தனை வருசத்துக்கு இப்புடிப் பாப்பீக?” என்று மனைவி கேட்கிறாள். 

அந்த இரவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

சவரியம்மா ஒன்பதரைக்குக் கண் விழித்தாள். வாந்தி எடுத்தாள். வராந்தாவில் பாயில் கிடந்தபடி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். “சார் அமத்தச் சொன்னாரு. நான் அமத்துனேன்.”

“அமத்துன லச்சணந்தான் தெரியுதே, பேசாமப் படு” என்றார் கனகம். ஊதி ஊதி அவருக்கு உதடு வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி செக்ரட்டரி செய்தி கேட்டு வந்தார். அடுப்பைத் திறந்து கங்கைப் பார்த்தார். நிறுத்தச் சொன்ன நெருப்பை நிறுத்தாமல், நிறுத்தினேன் என்று பொய்யும் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். காலையில் அவளை வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்று என்னிடம்தான் சொன்னார். புருஷன் இல்லாதவள். அந்தச் சம்பளத்தில்தான் தாயும் தம்பியும் சாப்பிட்டார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று அந்த வராந்தாவில் எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை சாவோடு கிடக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. யோசித்தேன். யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன்.

ஆரோக்கியம் குழந்தையைத் தன் ரவிக்கைக்குள் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெரிய வார்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விடிய விடிய அப்படியே இருந்தாள்.  நடு இரவில் என்னைக் கேட்டாள்.

“சவரியம்மாகிட்ட என்னன்னு சொன்னீக?”

“அடுப்ப அமத்தச் சொன்னேன்.”

அவள் பிரசவத்துக்கு எட்டு நாள் முன்பிருந்தே அங்கே படுத்திருந்தவள். ஆயாக்களின் பேச்சைக் கேட்டவள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த அமத்து?”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மேட்ரன் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. நேராக ஆரோக்கியத்திடம் போனார். கம்பளியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் குழந்தையின் மூச்சை எண்ணினார். குழந்தை மார்பைத் தேடி வாயைத் திறந்தது. மேட்ரன் கம்பளியை மூடிவிட்டு, எல்லாரையும் அங்கேயே கூப்பிடச் சொன்னார். சவரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். செக்ரட்டரி ஏதோ சொல்லத் தொடங்கினார். மேட்ரன் கையை உயர்த்தினார்.

“சவரியம்மா, சார் பறஞ்ச வார்த்தை என்ன?”

“அமத்திருன்னாரும்மா. அமத்துனேன். சாம்பலப் போட்டு நல்லா அமத்துனேன்.”

மேட்ரன் என்னைப் பார்த்தார். ஆரோக்கியமும் பார்த்தாள்.

“அதேதான் சொன்னேன்” என்றேன். “எங்களுக்கு அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. எனக்குத் தெரியும். நான் வெளக்கிச் சொல்லல. அவ மேல தப்பு இல்ல.”

“திரும்பச் சொல்லச் சொன்னீங்களோ?”

“இல்ல.”

செக்ரட்டரி என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். மேட்ரன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் பையைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“இன்னைக்கு முதல் இங்கே நெருப்பு இருக்கணும்னா மூடுன்னு சொல்லணும். இருக்கக் கூடாதுன்னா அணைன்னு சொல்லணும். பிள்ளை பெத்த வீடானாலும் அணைதான். சவரியம்மா, திரும்பச் சொல்லு.”

சவரியம்மா சொல்லவில்லை. அவள் கண் ஆரோக்கியத்தின் மடியிலிருந்த கம்பளி மேல் இருந்தது. அந்தச் சொல்லைப் பச்சைக் குழந்தையின் முன்னால் அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? ஆரோக்கியம் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“அணை” என்றாள் சவரியம்மா, காற்றுக் குரலில்.

மேட்ரன் என் பக்கம் திரும்பினார்.

“இனி நீங்க சொல்லுங்க சார்.”